சேனை வச்ச கை

அந்த பெஞ்சுல உக்காராதீக தம்பி, ஒரு கால் ஆடுது. காலையில இருந்து அதுல உக்காந்தவுக எல்லாரும் விழப் பாத்தாக. இங்கன வாங்க, என் பக்கத்துல இடமிருக்கு. உள்ள யாரு, வீட்டம்மாவா? தலைப்பிரசவமா? ஆமா, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. பயப்படாதீக. தலைப்பிரசவம் கொஞ்சம் இழுக்கத்தான் செய்யும். நாம பதறி என்ன ஆகப்போகுது. என்னையப் பாருங்க, கோழி கூப்பிட வந்தவன், இந்தக் கதவுக்கு முன்னாடியேதான் கெடக்கேன். ஒரு பதட்டம் உண்டா என்கிட்ட?

கொஞ்சம் இருங்க. கதவு அசஞ்ச மாதிரி இருந்துச்சு. பாத்துட்டு வந்துர்றேன்.

ஒண்ணுமில்ல, காத்துதான்.

என் பேரு அய்யாத்துரை. ஊரு பருத்திக்குளம், சாத்தூர்ல எறங்கி உள்ள போகணும். மில்லுக்கார ஊரு. மில்லு இப்ப மூடிக் கெடக்கு, பேரு மட்டும் போகல. உள்ள இருக்கது என் தங்கச்சி கோமதி மக, செண்பகம். எனக்கு மருமக முறை. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சு இப்பத்தான் வயித்துல ஒண்ணு தங்கியிருக்கு. அந்தா ஜன்னலோரம் செல்போனை வெறிச்சுப் பாத்துக்கிட்டு நிக்கானே கட்டம்போட்ட சட்டை, அவன்தான் அவ வீட்டுக்காரன் ஜெயபாலு. நல்ல பையன். வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள நமக்கு வயசாயிரும், அவ்வளவுதான். கோமதி உள்ள நிக்கா.

நான் எதுக்கு வந்திருக்கேன்னு நீங்க கேக்கலையே. கேக்காட்டியும் சொல்றேன். சேனை வைக்க வந்திருக்கேன்.

உங்க பக்கம் அதுக்கு என்ன சொல்வாகளோ. பிள்ளை பிறந்த உடனே, தாய்ப்பாலுக்கும் முந்தி, சீனித்தண்ணிய விரல்ல தொட்டு நாக்குல வைக்கிறது. யாரு வைக்காகளோ அவுக குணம் பிள்ளைக்கு வரும். அதனால கண்டவனையும் வைக்க விட மாட்டாக. எங்க ஊருல ஒருத்தன் முன்கோபக்காரனா இருந்தான்னா, 'உனக்கு எவன்டா சேனை வச்சான்'னுதான் முதல் கேள்வியே. பெத்த அப்பன் ஆத்தா மேல பழி வராது, சேனை வச்சவன் மேலதான் வரும்.

ஒரு காலத்துல எங்க ஊருல எந்த வீட்டுல பிள்ளை பிறந்தாலும் எங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாக. 'அய்யாத்துரையைக் கூப்பிடு, நிதானமான மனுசன், அவன் குணம் வரட்டும்.' அப்படி ஒரு பேரு எனக்கு. எப்படி வந்துச்சுங்கிறீக, ஒரு தடவ மில்லு குடோன்ல பஞ்சுல தீப்பிடிச்சுருச்சு. அவனவன் வேட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுறான். நான் கையில இருந்த டீயக் குடிச்சு முடிச்சு, கிளாஸைக் கழுவிக் கவுத்தி வச்சுட்டு நடந்து வந்தேன். அதைப் பாத்த வாட்ச்மேன் ஊரெல்லாம் சொல்லிட்டாரு. உண்மையில தீப்பிடிச்சதே எனக்குத் தெரியாது. அது வேற விசயம்.

எங்களுக்குப் பிள்ளை இல்ல தம்பி. அத விடுங்க. அதுக்காகச் சொல்ல வரல. ஆனா தெருவுல போனா, 'இவன் எங்கண்ணன் சேனை வச்ச பிள்ளை, இவ சித்தப்பா சேனை வச்சவ'ன்னு சொல்லிச் சொல்லி எங்கிட்ட தள்ளி விடுவாக. அது ஒரு இதுதான். ராஜா மாதிரி இருந்தேன்.

அதைக் கெடுத்தது ஒரு டாக்டரம்மா.

அந்தம்மா பேரு லில்லிபுஷ்பம். நாகர்கோவில் பக்கம். சின்னப்பிள்ளைக டாக்டரு. அவ்வளவு படிப்பு படிச்சுட்டு எங்க ஊருல வந்து எதுக்கு உக்காந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. கல்யாணம் காச்சி கிடையாது. ஒரு மொபெட்டு, ஒரு தோல்பை, எந்நேரமும் சிடுசிடுன்னு ஒரு மூஞ்சி, அவ்வளவுதான் அது கொண்டாந்த சீரு. ஆஸ்பத்திரி தொறக்கிறதுக்கு முந்தி காலையில தெருத்தெருவா மொபெட்டுல போகும். எங்கயாவது பிள்ளை அழுகுற சத்தம் கேட்டுச்சுன்னா வண்டிய நிறுத்தி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கிட்டே நிக்கும். பசி அழுகைன்னா பேசாம போயிரும். வேற அழுகைன்னா கேக்காம கொள்ளாம வீட்டுக்குள்ள நுழையும். யாரு வீடு, என்ன ஆளு, எதுவும் பாக்காது. நேரா தொட்டில்கிட்ட போய் சட்டையத் தூக்கி விலா எலும்பப் பாக்கும். பால்புட்டி கண்ணுல பட்டுச்சோ, போச்சு, எடுத்து வாறுகால் சாக்கடையில போட்டுரும். 'இப்பம் நான் போட்டேன். நாளைக்கும் பார்த்தேன்னா உன்னையும் தூக்கிப் போடுவேன், கேட்டியா'ங்கும். புதுசாப் பிள்ளை பெத்தவள ஒரு வார்த்தை அதட்டிப் பேச நாங்கெல்லாம் யோசிப்போம். அந்தம்மாவுக்கு அதெல்லாம் கிடையாது.

இன்னொண்ணு கேளுங்க. அது ஆஸ்பத்திரியில ஒரு சட்டம் போட்டுச்சு. பிள்ளைக்கு ஊசி போடணும்னா அப்பன் வந்து பிடிக்கணும். ஆத்தா பிடிச்சா போட மாட்டேன்னுச்சு. மில்லுல நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து படுத்தவனை எழுப்பிக் கூட்டிக்கிட்டு வருவாக. கண்ணு செவந்து வந்து நிப்பான். 'பெத்துக்கிடத் தெரியும்லா, பிடிக்கத் தெரியாதா'ன்னு எல்லாருக்கும் முன்னால கேக்கும். மொதல்ல ஆம்பளைக எல்லாரும் கூடி, இனி அங்க போறதில்லன்னு முடிவு பண்ணினோம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா முடிவாவது ஒண்ணாவது. ஒவ்வொருத்தனா போயிட்டான். இப்ப எங்க ஊருக்கு வந்து பாருங்க. டீக்கடையில ஆம்பளைக தோள்ல ஒரு பிள்ளையப் போட்டுக்கிட்டு அரசியல் பேசுறான். ஊரு கெட்டுப்போச்சு.

நேரம் என்னாச்சு தம்பி? அவ்வளவுதானா. என் கடிகாரம் ஓடுதா நிக்குதான்னே தெரியல. அந்தப் பொண்ணு இப்ப ஒரு டிரேயைத் தூக்கிக்கிட்டு உள்ள போச்சே, மூஞ்சி எப்படி இருந்துச்சு? சாதாரணமாத்தான இருந்துச்சு. நான் பதறுறவன் இல்ல, சும்மா கேக்கேன்.

ஏ மக்களே, ஓடாத. தரை ஈரமாக் கெடக்கு, வழுக்கி விட்டுரும். நெத்தி அடிபட்டா யாரு பாக்கிறது. ஆங், ஆத்தாகிட்ட போ.

யாரு பிள்ளையோ. விட்டுட்டுப் பேசிக்கிட்டு நிக்காக பாருங்க. 'மக்களே'ன்னு சொல்றது எங்க ஊரு பழக்கமே கிடையாது தம்பி. அது நாகர்கோவில் பேச்சு. அந்தம்மா எல்லாப் பிள்ளையையும் மக்களே மக்களேன்னு கூப்பிட்டு, இப்ப ஊருல உள்ள ஆத்தாக்க பூராவும் அப்படித்தான் கூப்பிடுறாக. நாங்க என்ன அப்படியா வளந்தோம். எனக்கு அந்த வார்த்தையே பிடிக்காது.

சரி, விசயத்துக்கு வாரேன்.

இந்தச் செண்பகம் பிறந்தப்ப நான்தான் சேனை வச்சேன். வீட்டுலதான் பிறந்தா. தாய்மாமன் வேற, ஊருக்கே சேனை வைக்கிறவன் வேற, என்னைய விட்டா யாரு. விரல்ல தொட்டு வச்சதும் சப்புக்கொட்டுனா பாருங்க, அந்த மாதிரி எந்தப் பிள்ளையும் கொட்டல. அதுல இருந்து ஷிப்ட் முடிஞ்சா நேரா அங்கதான். என் வீட்டுக்குப் போறதுக்கு முந்தி அவள வாங்கி நெஞ்சுல போட்டுக்கிடுவேன். என் கழுத்துக்குள்ள மூஞ்சிய வச்சுத்தான் தூங்குவா. கோமதி கைக்குப் போனா முழிச்சுக்கிடுவா. அதுல எனக்கு ஒரு பெருமை.

அந்த வருசம் எனக்குக் கொஞ்சம் இருமல் இருந்துச்சு. மில்லுல எனக்கு புளோ ரூம்ல வேலை, பஞ்சைப் பிரிச்சுத் தூசி தட்டுற இடம். அங்க இருமாதவன் எவன். மில்லுக்காரன் இருமலுக்கெல்லாம் வைத்தியம் பாத்தா மில்லை யாரு ஓட்டுறது. உடம்பு கொஞ்சம் எளச்சேன். சாயங்காலமானா லேசா காய்ச்சலாக் காந்தும். அதையெல்லாம் யாரு பெருசா எடுத்துக்கிட்டா.

பிள்ளை தவழுற பருவத்துல ஒரு நாள் சிணுங்க ஆரம்பிச்சா. பால் குடிக்க மாட்டேங்கிறா. காய்ச்சல் விட்டு விட்டு வருது. மந்திரிச்சுப் பாத்தோம். அப்புறம் ஒரு நாள் கண்ணு ரெண்டும் மேல போயி கையும் காலும் வெட்டி இழுக்குது. கோமதி வீட்டுக்காரரு தூக்கிக்கிட்டு அந்தம்மாகிட்ட ஓடுனாரு. அது பாத்துச்சு, கழுத்தைத் தூக்கிப் பாத்துச்சு. வாசல்ல அவ்வளவு கூட்டம் நிக்குது, ஆஸ்பத்திரியப் பூட்டிட்டு, ஒரு வாடகைக் காரைப் பிடிச்சு, பிள்ளைய தன் மடியிலேயே போட்டுக்கிட்டு மதுரைக்குப் போச்சு. நானும் முன்சீட்டுல இருந்தேன். விருதுநகர் வரைக்கும் நான் புலம்பிக்கிட்டே வந்தேன். 'அய்யாத்துரை, வாயை மூடிட்டு வரணும்'னுச்சு. அப்படி ஒரு மரியாதை.

மதுரையில முதுகுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாத்தாக. டி.பி. வந்து மூளைக்கு ஏறிருச்சுன்னுட்டாக. அத்தனை பெரிய நோய், அந்தத் துண்டுப் பிள்ளைக்கு. மாசக்கணக்குல ஊசி. மதுரையில கொஞ்ச நாள், அப்புறம் ஊருல வந்து அந்தம்மாவே தினம் வீட்டுக்கு வந்து போட்டுச்சு. ஞாயித்துக்கிழமை வேதக்கோயிலுக்குப் போற உடுப்போட வந்து போட்டுட்டுப் போகும். பிள்ளை பிழைச்சுக்கிட்டா. அதை நான் இல்லைங்கல. ஆனா இடது காது போச்சு தம்பி. சுத்தமா கேக்காது. இன்னைக்கும் யாரு பேசுனாலும் வலது பக்கமாத் திரும்பித்தான் கேப்பா.

அப்பத்தான் அது நடந்துச்சு. ஒரு நாள் ஊசி போட்டுட்டு அந்தம்மா கெளம்பல. திண்ணமா உக்காந்துக்கிட்டு, 'இந்த வீட்டுல இருமுறது யாரு'ன்னுச்சு. பச்சப்பிள்ளைக்கு இந்த நோய் தன்னால வராது, பக்கத்துல இருக்கிற பெரியவங்க யாரோ இருமி இருமித்தான் வந்திருக்கணும்னுச்சு. வீட்டுல உள்ள எல்லாருக்கும் ஏற்கனவே நெஞ்சுப் படம் எடுத்துப் பாத்தாச்சு, யாருக்கும் ஒண்ணும் இல்ல. 'அப்பம் பிள்ளையை வேற யாரு தூக்குவா'ன்னு கேட்டுச்சு. கோமதி தரையப் பாத்துக்கிட்டு நிக்கா. அந்த நேரம் பாத்து எனக்குத் தொண்டையில அடைச்சுருச்சு, நானும் எவ்வளவோ அடக்கிப் பாத்தேன், வந்துருச்சு.

அந்தம்மா என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. எந்திரிச்சு வெளிய வந்து மொபெட்டை எடுக்கிற மாதிரி எடுத்து, 'அய்யாத்துரை, வண்டி ஸ்டார்ட் ஆகல, கொஞ்சம் வந்து தள்ளி விடுங்க'ன்னுச்சு. தள்ளிக்கிட்டே தெருமுனை வரைக்கும் போனோம். அங்க வச்சு மெதுவா, 'நாளைக்குக் காலையில எந்திரிச்சதும் வர்ற சளியை ஒரு டப்பாவுல எடுத்துட்டு வாங்க. யாருகிட்டயும் சொல்லாண்டாம்'னுட்டு, ஒரே மிதி, வண்டி கெளம்பிப் போயிருச்சு. நல்லா ஓடுற வண்டி. எதுக்கு அந்தப் பொய்?

டெஸ்ட்டுல ஏதோ கிருமி இருக்குன்னு வந்துச்சு. என்ன பெரிய டெஸ்ட்டு. கண்ணாடில நாலு புள்ளியப் பாத்துட்டுச் சொல்றது. ஆறு மாசம் மாத்திரை திங்கணும்னுச்சு. மாத்திரைய என் கையில தரல தம்பி. என்னைய நம்பல. தினம் காலையில ஷிப்ட்டு மாறுற நேரத்துக்கு மில்லு கேட்டுக்கே மொபெட்டுல வந்து நிக்கும். மாத்திரையக் கொடுத்து, தண்ணி கொடுத்து, முழுங்கிட்டேனான்னு வாயத் தொறக்கச் சொல்லிப் பாக்கும், சின்னப்பிள்ளையப் பாக்கிற மாதிரி. மழை பெஞ்சாலும் வந்து நிக்கும். நான் ஒரு நாள் வேணும்னே பின்வாசல் வழியா நழுவி வீட்டுக்குப் போயிட்டேன். எனக்கு முந்தி அங்க நிக்குது, என் வீட்டுக்காரிகிட்ட காப்பி வாங்கிக் குடிச்சுக்கிட்டு.

கூட வேலை பாக்கிறவன் கேக்காம இருப்பானா. என்னடா தினம் டாக்டரம்மா மாத்திரை தருதுன்னு. அதுகிட்டயே போய்க் கேட்டிருக்கான் ஒருத்தன். 'அவருக்கு வயித்துப்புண்ணு'ன்னு சொல்லியிருக்கு. பாத்தீகளா? மறுபடியும் பொய். நான் என்ன நினைக்கேன்னா, அதுக்கே நிச்சயமில்ல. என்கிட்ட இருந்துதான் பிள்ளைக்கு வந்துச்சுன்னு அதால அடிச்சுச் சொல்ல முடியல. சொன்னா நான் ஆதாரம் கேப்பேன்ல. அதான் பயந்துக்கிட்டு வயித்துப்புண்ணு அது இதுன்னு மழுப்பியிருக்கு. கடைசி வரைக்கும் ஊருல ஒருத்தர்கிட்ட கூட என் பேரச் சொல்லல. இருந்தாத்தான சொல்றதுக்கு.

இன்னும் உங்க பேரைக் கூப்பிடலையே தம்பி. வருவாக, வருவாக. கூப்பிட்டா உள்ள போனதும் முதல் வேலையா கையக் கழுவுங்க. மோதிரத்தைக் கழட்டிட்டு முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டு. பிள்ளைய நெஞ்சோட வாங்குங்க, சட்டை பட்டனைத் தொறந்துக்கிட்டு. சூடு தெரியணும் அதுக்கு. அத்தனை துணியப் போட்டு மூட விட்டுராதீக, மூச்சு ஓடுறது கண்ணுக்குத் தெரியணும். யாரு எது சொன்னாலும் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு வேற எதையும்...

சேனை வேற தம்பி. அது மருந்து மாதிரி. அத விட்டுருங்க.

அதத்தான் சொல்ல வந்தேன். நான் மாத்திரை திங்க ஆரம்பிச்ச அதே மாசம், கோயில் கொடைத் திருவிழா அன்னைக்கு, எங்க தெருவுல ஒருத்திக்குப் பிள்ளை பிறந்துச்சு. வழக்கம்போல எனக்கு ஆள் வந்துச்சு. நான் வேட்டி மாத்திக்கிட்டு அந்த வீட்டுக்குப் போறேன், வாசல்ல அந்தம்மா நிக்குது. என்னைய உள்ள விடல. ஆனா என்னைப் பாத்துப் பேசல, கூடியிருந்த கூட்டத்தைப் பாத்துப் பேசுது. 'இனி இந்த ஊருல எந்தப் பிள்ளைக்கும் யாரும் சேனை வைக்கப்பிடாது. பெத்தவ பால் மட்டும்தான். அதை மீறி வைக்கிற வீட்டுப் பிள்ளையை நான் தொட மாட்டேன்.' கொந்தளிச்சுப் போச்சு ஊரு. முறையில கைய வைக்கிறியா, நீ யாரு, உங்க வேதத்துல கிடையாதுன்னா எங்களுக்கும் கூடாதான்னு ஆளாளுக்குப் பேசிட்டாக. பஞ்சாயத்து வரைக்கும் போச்சு. அதோட வண்டி டயரைக் கிழிச்சு விட்டாக. ரெண்டு மாசம் ஒருத்தரும் அதுகிட்ட முகங்கொடுத்துப் பேசல. அது பாட்டுக்கு தெருத்தெருவா நடந்தே போச்சு, வைஞ்ச வசவெல்லாம் வாங்கிக்கிட்டு.

என்ன வன்மம் பாருங்க. அய்யாத்துரை நீ வைக்காதன்னு என் ஒருத்தன்கிட்ட சொல்றதுக்குத் தைரியம் இல்ல. அதுக்காக ஊருக்கே வைக்கக்கூடாதுன்னு சட்டம். என் ஒருத்தனை நிறுத்துறதுக்கு ஊர் பூராவையும் பகைச்சுக்கிட்டு. இதை என்னன்னு சொல்வீக?

என்ன தம்பி அப்படிப் பாக்கீக? சொல்லுங்க. சரி, சொல்ல வேண்டாம். நீங்க சின்ன வயசு.

நானும் விடல. செண்பகத்துக்குக் காது கேக்கலைன்னு தெரிஞ்சப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊரு பூரா உக்காந்திருக்கு. 'நீ போட்ட ஊசிதான் என் மருமக காதைக் குடிச்சுருச்சு'ன்னு கத்தினேன். நாக்கு கூசுற மாதிரியெல்லாம் கேட்டேன். இப்ப சொல்லும், இப்ப சொல்லும், 'நோயைக் கொடுத்ததே நீதானய்யா'ன்னு இப்ப சொல்லும்னு நானும் எதிர்பாத்துக்கிட்டே கத்துறேன். சொல்லல. எந்திரிச்சு நின்னு, 'அந்த ஊசிக்கு அப்படி ஒரு குணம் உண்டு. உசுரா காதான்னு வந்தப்பம் நான் உசுரை எடுத்துக்கிட்டேன். காது போனதுக்கு நான்தான் பொறுப்பு. மன்னிச்சுக்கிடுங்க அய்யாத்துரை'ன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு. அத்தனை பேருக்கும் முன்னால. நான் அப்படியே வந்துட்டேன். ஆனா ஜெயிச்சது நான்தான? டாக்டரம்மா என்கிட்ட மன்னிப்புக் கேட்டுச்சுன்னு நான் சொல்லாத ஆள் கிடையாது. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்.

அந்தம்மா போன தை மாசம் இறந்துபோச்சு. வயசாயிருச்சு, ஆனா கடைசி வரைக்கும் தெருவுல போறத நிறுத்தல, மொபெட்டு ஓட்ட முடியாமப் போன பொறவு யாராவது ஒருத்தன் பின்னாடி உக்காந்துக்கிட்டுப் போகும். கடையெல்லாம் அடைச்சாக. அதுகிட்ட ஊசி போட்டுக்கிட்ட பிள்ளைகதான் தூக்கினாக, மீசையும் தாடியுமா. நாகர்கோவில்ல இருந்து சொந்தக்காரவுக வந்து எடுத்துட்டுப் போறோம்னாக. ஊர்க்காரவுக விடல. சேனை வச்சா சேனை வச்சவுக குணம் வரும்பாக. இந்தம்மா ஒருத்தருக்கும் வைக்கல, எங்க ஊருல இருக்க எல்லாத்துக்கும் அதோட குணம்தான் வந்திருக்கு. நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்குதுக. முன்னப்பின்ன தெரியாதவன் பிள்ளை அழுதாக்கூட வண்டிய நிறுத்திப் பாக்குதுக. நான் சேனை வச்ச பிள்ளைகளும் அப்படித்தான் இருக்குதுக. என் குணம் எங்க போச்சுன்னே தெரியல.

நான் அடக்கத்துக்குப் போகல. மூட்டு வலி. வீட்டுக்காரி கூப்பிட்டுப் பாத்துட்டு அவ மட்டும் போனா. அன்னைக்குக் காலையில நான் மில்லு கேட்டுல போய் நின்னேன். மூடிக் கெடக்கிற மில்லு. கேட்டுல கருவேலஞ்செடி மொளச்சுக் கெடக்கு. எதுக்குப் போனேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நின்னேன். அழுகை வந்துச்சு தம்பி. வயசானா கண்ணுல தண்ணி வரும்பாக, அது வேற. இது அழுகைதான்.

விடுங்க.

இப்ப எனக்கு இருக்கது ஒரே ஒரு ஆசைதான். இந்தப் பிள்ளைக்கு நான் சேனை வைக்கணும். ஒரு தடவ. என் விரலால வச்சு, அது ஒரு நோயும் இல்லாம வளந்து நின்னுட்டா, அப்ப இந்தக் கையில குத்தம் இல்லன்னு ஆயிரும்ல. குத்தம் இருக்குன்னு நான் சொல்லல. ஊருக்காகச் சொல்றேன். ஊருக்குத்தான் ஒண்ணுமே தெரியாதேங்கிறீகளா? அது சரிதான். ஊருக்குத் தெரியாது.

போன மாசம் செண்பகத்துகிட்ட கேட்டேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கிட்டு, 'நீங்க இல்லாம யாரு மாமா'ன்னா. அப்புறம் கொஞ்சம் கழிச்சு, 'டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்காகளே மாமா'ன்னா. பாத்தீகளா. செத்த பொறவும் எனக்கு எதிரதான் நிக்குது. 'உன் காதைக் கெடுத்தவ பேச்சைக் கேக்கியா'ன்னேன். அவ சிரிச்சுட்டுப் போயிட்டா. கோமதிகிட்ட சொன்னேன். அவ அன்னைக்கு மாதிரியே தரையப் பாத்துக்கிட்டு நின்னா.

இருங்க இருங்க. இது காத்து இல்ல. கதவுதான்.

ஆமா சிஸ்டர், செண்பகத்துக்கு நாங்கதான். நான் தாய்மாமன். என்ன பிள்ளை? ஆம்பளப் பிள்ளையா. சரி. அவ எப்படி இருக்கா, நல்லா இருக்காளா? பிள்ளை பிறந்ததும் அழுதுச்சா? சத்தமா அழுதுச்சா? உதடு நீலமா இல்லையே? இந்தா, தெரியுது, தெரியுது. நல்ல நிறமாத்தான் இருக்கான்.

என்ன சொல்றீக? அவளா சொன்னா?

தம்பி, கேட்டீகளா. முதல்ல மாமா கையில கொடுங்க, சேனை வைக்கணும்னு ஆசைப்பட்டா வச்சுக்கிடட்டும்னு சொல்லி விட்டிருக்கா. அவளே சொல்லியிருக்கா. யாரும் தடுக்கல. நீங்களே கேட்டீகல்ல?

இல்ல சிஸ்டர், கிட்ட கொண்டாராதீக. அங்கனயே நில்லுங்க. கொஞ்சம் தள்ளி.

ஏ ஜெயபாலு. அந்தப் போனை உள்ள வை. கையக் கழுவிட்டு வந்து உன் பிள்ளைய வாங்கு. நீதான் வாங்கணும். அப்பன் நீதான?

நானா? எனக்குக் காலையில இருந்து தொண்டை லேசாக் கரகரங்குது தம்பி. இருமல் இல்ல. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தேனே, ஒரு தடவ இருமுனேனா? பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வந்தேன், அந்தக் காத்து ஒத்துக்கிடல, வேற ஒண்ணுமில்ல. அந்த நோயெல்லாம் எனக்கு அப்பவே சரியாப் போச்சு. அவுகளே சொன்னாக. கடைசி மாத்திரைய முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டுனேன், பாத்துட்டு, 'முடிஞ்சது அய்யாத்துரை, இனி பயமில்ல, செண்பகத்தைப் போய்த் தூக்கிக்கிடுங்க'ன்னாக. மொதல் தடவையாச் சிரிச்சாக என்னையப் பாத்து. சொன்னாக, இல்லைங்கல. நான்தான் தூக்கல. அதுக்குப் பொறவு எந்தப் பிள்ளையையும் தூக்கல. அது அப்படியே விட்டுப்போச்சு.

ஜெயபாலு, தலையத் தாங்கிப் பிடி. கழுத்து நிக்காது. நெஞ்சோட வை. அப்படித்தான். சேனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம் சிஸ்டர், ஆத்தாகிட்ட கொண்டு போய்ப் பால் கொடுக்கச் சொல்லுங்க. ஏ, இங்க எதுக்கு வர்ற? கிட்ட வராதன்னு சொல்றேன்ல. துண்டை வச்சு வாயப் பொத்தியிருக்கேன்னாலும் வராத. அங்க நின்னுக்கிட்டே அவன் மூஞ்சிய மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு. போதும். இங்கன இருந்தே நல்லாத் தெரியுது.